கண்ணாடி பார்த்து வாசித்தவர்

அவருக்குக் கோபமே வராது என்று எங்கள் கோயில் பங்குச் சனம் பெருமையாகச் சொல்லும். அந்தப் பெருமையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மனிசியின் தலையில் ஏறி மிதிப்பது, அவர் முகம் சுளிக்காவிட்டால் ‘என்ன தங்கமான குணம்’ என்று மெச்சுவது. மிதிக்கிறவருக்கும் வசதி, பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்கும் வசதி. தங்கமாம் தங்கம்.

எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவரைவிடப் பத்து வயது மூத்தவர்கள் உட்பட. ஊர் மன்னார்ப் பக்கம். இங்கே, பிரெஞ்சு பேசுகிற இந்த நகரத்தின் ஓரத்தில், ரொக்ஸ்பரோவில் தங்கை வீட்டின் கீழ் அறையில் இருந்தார். வேலை கோட்-டெ-நெய்ஜில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பூசைக்குக் கீபோர்ட் வாசிப்பார். இவ்வளவுதான் பங்குக்குத் தெரியும். இதற்கு மேல் தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடவில்லை.

கீபோர்டின் மேல் விளிம்பில் ஒரு சின்ன முகக் கண்ணாடியைச் சாய்த்து ஒட்டியிருப்பார். முதல் தரம் பார்த்தபோது, பூசைக்குள்ளும் தலையைச் சரிபார்க்கிறாரே என்று நான் மனதுக்குள் சிரித்தேன். பிறகுதான் விளங்கியது. அவரை இருத்தியிருந்த இடம் அப்படி. பீடத்துக்கு ஒரு பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி, சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நன்மை எடுக்கிற நேரம், பாதர் கையால் அப்பம் வாங்கச் சனம் வரும்போது, வரிசை எவ்வளவு மிச்சம் என்று அந்தக் கண்ணாடியில்தான் பார்ப்பார். கடைசி ஆள் கையை நீட்டும்போது மெட்டு மெல்லத் திரும்பும். பாதர் போய்க் கதிரையில் இருக்கவும் கடைசிச் சுரம் விழவும் சரியாக இருக்கும். ஒரு ஞாயிறும் பிசகியதில்லை. பிசகாதபடியால் ஒருவரும் கவனித்ததும் இல்லை.

நான் கவனித்தேன். அதற்குக் காரணம் என் தொழில். கிழமை நாட்களில் தொழிற்சாலை, சனி ஞாயிறுகளில் கலியாண வீடியோ. படம் ஒரு இடத்தில் முடியும், இசை இன்னொரு இடத்தில் முடியும், இரண்டையும் ஒட்டவைக்க மண்டையை உடைப்பேன். அப்படியிருக்க, இந்த மனிசி ஒரு கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டு அதை ஞாயிறு தவறாமல் செய்துகொண்டிருந்தார். ஒரு பூசை முழுவதையும் அவர் வாசிப்புக்காகவே பதிவுசெய்து வந்தேன். தாலி கட்டுகிற இடத்துக்குக் கீழே போட்டேன். மாப்பிள்ளையும் பொம்பிளையும் பூங்காவில் நடக்கிற இடத்துக்கும் போட்டேன். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு என் வீடியோக்களுக்கு வேறு இசை தேடி நான் அலையவில்லை.

பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஒருநாள் சொன்னேன்.

“அக்கா, அந்த மெட்டு நல்லா வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் வாசிச்சிருக்கலாம்.”

“சனம் முடிஞ்சுது எல்லோ. பேந்து ஏன்?”

“அப்ப மெட்டுக்கு முடிவு?”

“இருக்கு. ஆனா அங்க மட்டும் ஒருநாளும் போனதில்லை. அதுக்கு முன்னம் வரிசை முடிஞ்சிடும்.”

இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மற்றவர்களைப் பார்த்துச் சொல்ல அவர் வாயில் எப்போதும் ஒரு சொல் இருந்தது: ‘அவை முடிக்கட்டும்.’ ஒருமுறை சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்க அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். லிப்ட் வாசலில் வெறுங் கட்டிலோடு அக்கா நிற்கிறார். வாசலை மறித்துக்கொண்டு இரண்டு பெண்கள் பிரெஞ்சில் கதை அளக்கிறார்கள். கதவு திறக்கிறது, மூடுகிறது, திரும்பத் திறக்கிறது.

“அக்கா, ‘பார்தோன்’ எண்டு ஒரு சொல்லுச் சொன்னா விலத்துவினம்தானே?”

“அவை முடிக்கட்டும் தம்பி. எனக்கென்ன அவசரம்.”

லிப்ட் போய்விட்டது. அவர் நின்றார். எனக்கு அந்தப் பெண்களில் வந்த கோபத்தைவிட அக்காவில் வந்த கோபம் பெரிது.

இனி மாஸ்டர். பாடகர் குழுவை நடத்துகிறவர். ஊரில் பாட்டு வாத்தியாராக இருந்தாராம். அந்த ‘ஆம்’ என்னுடையது. நல்ல குரல், அதை மறுக்க முடியாது. அந்தக் குரலைவிடப் பெரியது அவருடைய கழுத்து, மாலை விழும் என்று எந்நேரமும் நீட்டியபடி இருக்கும். அக்காவின் நன்மை மெட்டுக்குச் சொற்களைப் போட்டு, இன்னும் ஏழெட்டுப் பாட்டுகளோடு சேர்த்து ஒரு சீடி வெளியிட்டார். பங்கு மண்டபத்தில் விழா. அட்டையில் கொட்டை எழுத்தில், ‘பாடல், இசை’ என்று போட்டுத் தன் பெயர். உள்ளே நன்றி சொன்ன பட்டியலில் ரோல்ஸ் பொரித்துத் தந்தவரின் பெயர்கூட இருந்தது. கீழே, ‘மற்றும் வாத்தியக் குழுவினர்.’ அந்தக் குழு என்பது ஒரே ஆள். அந்த ஆள் அன்றைக்கும் சுவரைப் பார்த்தபடி இருந்து, மாஸ்டர் பொன்னாடை வாங்க மேடையேறுவதற்கு வாசித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, அது உங்கட மெட்டு!”

“ஓம். அவர் சொல்லுப் போட்டவர். மெட்டு சும்மாதானே கிடந்தது.”

“உங்கட பேர் எங்க?”

அக்கா சீடி அட்டையை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். “சின்ன அட்டை, இடம் காணாதாக்கும்” என்றார். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

மியூசிக் லைப்ரரி என்ற ஒன்று இருப்பது எனக்கு அந்த மாதம்தான் தெரிந்தது. விளம்பரம், ஆவணப்படம், தொலைக்காட்சி நிகழ்ச்சி எடுக்கிறவர்கள் அவசரத்துக்குப் போட்டுக்கொள்ள, ஆயத்தமாகச் செய்த மெட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் நிறுவனங்கள். படத்துக்குக் கீழே போகிற இசை, யாரும் காது கொடுக்காத இசை. ஆனால் செய்தவரின் பெயர் பதிவாகும். எங்கே போட்டாலும் அந்தப் பெயர் கூடவே போகும். இணையத்தில் இதை வாசித்தபோது, இது அக்காவுக்காகவே உண்டாக்கிய தொழில் என்று எனக்குப் பட்டது.

ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்துக்கு அவரைத் தேடிப் போய்ச் சொன்னேன். ஒன்றுக்கும் அவசரப்படாத மனிசி ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

“என்ர பேர் எழுதுவினமோ?”

“எழுதத்தான் வேணும் அக்கா. அதுதான் விதி.”

“முழுப் பேரோ?”

“முழுப் பேர்.”

ரயில் வந்தது. இறங்குகிற சனத்துக்கு வழி விட்டு, ஏறுகிற சனத்துக்கும் வழி விட்டுக் கடைசியாக ஏறினார். ஆனால் ஏறிய பிறகு ஜன்னல் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கை காட்டினார். அவர் அப்படி யாருக்கும் கை காட்டி நான் கண்டதில்லை.

சனிக்கிழமைகளில் கார்ட்டியர்வில்லில் இருந்த என் அப்பார்ட்மெண்டுக்கு வருவார். என்னிடம் ஒரு பழைய கீபோர்ட் இருந்தது, அதிலிருந்து கணினிக்கு ஒரு வயர். மெட்டுகளுக்குத் தலைப்பு வேண்டும் என்று விதி சொன்னது. அக்காவிடம் தலைப்புகள் இல்லை, ஆட்கள்தான் இருந்தார்கள். ஒன்று, நான்கு சில்லுத் தடியோடு வரிசையில் வருகிற பெரியவரின் மெட்டு. இன்னொன்று, கைக்குழந்தையோடு பின்வரிசை வாங்கில் நிற்கிற பிள்ளையின் மெட்டு. நான் அதற்கெல்லாம் ஆங்கிலத்தில் ‘பொறுமை’, ‘காலை வெளிச்சம்’ என்று எழுதிக்கொண்டேன். ஒரு நிமிடத்தில் ஒன்று, அரை நிமிடத்தில் ஒன்று என்று வெட்டியும் கேட்டிருந்தார்கள். மணிக்கூட்டைக் காட்டினேன், அக்கா பார்க்கவில்லை.

“ஒரு நிமிசம் எண்டா எத்தினை பேர் நன்மை எடுக்கிற நேரம்?”

“பத்துப் பன்னிரண்டு பேர் வரும், அக்கா.”

கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். நான் கணினியில் பார்த்தேன். ஐம்பத்தொன்பது வினாடி.

நன்மை மெட்டை முடிவோடு முதன்முதலாக நான் கேட்டது அங்கேதான். அதற்கு மூன்றாவதாக ஒரு பகுதி இருந்தது. அதுவரை கீழே கீழே போன மெட்டு அங்கே நிமிர்ந்து, நேரே ஒரு இடத்தில் போய் நிற்கும். இத்தனை வருடம் ஒரு கோயில் நிறையச் சனம் அதைக் கேட்காமல் எழுந்து போயிருக்கிறது. எனக்கு அன்று பின்னேரம் முழுக்கக் கோபம்தான்.

முதலில் அனுப்பியதில் பிழை என்னுடையது. பதின்மூன்று மெட்டுகளையும் ஒரே சீடித் தட்டில் அடைத்து, நன்மை மெட்டைக் கடைசியில் வைத்து அனுப்பினேன், நல்லதைக் கடைசியாகக் கேட்கட்டும் என்று. திறந்தும் பார்க்காத உறை திரும்பி வந்தது. இரண்டாவது இடம் ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று ஒரு வரி எழுதியது. அந்த வரியை எழுதியவரின் வீட்டில் கரண்ட் போகக் கடவது என்று நான் அன்று சபித்தேன். மூன்றாவது இடத்தில் மட்டும் ஒரு புண்ணியவான் காரணம் எழுதியிருந்தார். எங்களுக்கு நேரமில்லை, நாலுக்கு மேல் அனுப்பாதே, சிறந்ததை முதலில் வை, பத்து வினாடிக்குள் என்னைப் பிடி. அதன்படி நாலைத் தெரிவுசெய்து, நன்மை மெட்டை முதலில் வைத்து, இந்த நகரத்திலேயே இருந்த ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினோம். தட்டின் மேல் அக்கா தன் பெயரைத் தானே எழுதினார். எழுதி, மை காயும் மட்டும் ஊதிக்கொண்டிருந்தார்.

ஆறு கிழமைக்குப் பிறகு என் தொலைபேசி அடித்தது. “பொஞ்சூர்” என்று ஒரு பெண், அந்த நிறுவனத்திலிருந்து. நாலும் வேண்டுமாம். முதலாவதை மூன்று தரம் கேட்டாராம். இதை வாசித்தவர் எங்கே படித்தார் என்று கேட்டார். எங்கள் கோயில் சுவரோரத்துப் பாத்திமா மாதா சுருவத்துக்கு முன்னால் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். படிவங்கள் அனுப்புகிறேன், கையெழுத்து வைத்து அனுப்புங்கள், மெர்சி என்றார்.

படிவத்தில் ஒரு பக்கம் முழுக்க ஒரே விஷயம்தான். இந்த மெட்டு உங்களுடையதுதானா, வேறு யாருக்கும் கொடுத்திருக்கிறீர்களா, இதற்கு முன் எதிலாவது வந்திருந்தால் ஒன்று விடாமல் எழுதுங்கள். எனக்கு உடனே மாஸ்டரின் சீடி நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மண்டபத்தில் அவரைப் பிடித்தேன். ‘நன்மைப் பாட்டின் மெட்டு இவருடையது’ என்று இரண்டு வரி தட்டெழுதிக் கொண்டுபோயிருந்தேன்.

“இதில ஒரு கையெழுத்து வையுங்கோ மாஸ்டர்.”

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். “உது பங்கின்ர சொத்து தம்பி. கோயிலுக்கெண்டு வாசிச்சதுக்கு ஆர் உரிமை கொண்டாடுறது?”

“அப்ப அட்டையில உங்கட பேர் ஏன் கிடக்கு? பங்கின்ர பேரைப் போட்டிருக்கலாமே?”

“நீர் ஆரோட கதைக்கிறீர் எண்டு தெரியுதோ?”

“தெரியும். களவெடுத்தவரோடதான் கதைக்கிறன்.”

ஒருவர் என் தோளைப் பிடித்தார், நான் உதறினேன். ஒரு பொம்பிளையின் மெட்டை எடுத்து, பொன்னாடை போர்த்திக்கொண்டு, நன்றிப் பட்டியலில் ரோல்ஸுக்குக் கீழே அவரைப் போட்ட ஆள் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். மாஸ்டர் கடதாசியை நாலாக மடித்து என் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனார். அக்கா கதவடியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. பங்கில் நான் ஒருவனாவது அவருக்காக வாய் திறந்தேனே என்ற நிமிர்வு.

அடுத்த சனி என் மேசையில் படிவத்தை விரித்தேன். “மாஸ்டர் கிடக்கட்டும் அக்கா. எதிலயும் வரேல்லை எண்டு எழுதுவம். அவையள் போய் எங்கட பங்குச் சீடியைத் தேடியோ பாக்கப் போகினம்?”

“பொய்க்குக் கையெழுத்து வைக்க மாட்டன். பேனையைத் தாரும்.”

தானே எழுதினார், நிதானமாக, வட்டமான எழுத்தில். முதல் வரியில் பாடகர் குழுவின் சீடி. அடுத்த வரியில் ஒரு பெயர் எழுதினார். அது ஒரு மாப்பிள்ளையின் பெயர். அதற்குப் பக்கத்தில் பொம்பிளையின் பெயர். கீழே இன்னொரு சோடி. அதற்குக் கீழே இன்னொன்று. பிறகு ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு.

“என்ன அக்கா எழுதுறியள்?”

“நீர் போட்ட இடங்கள். ஒண்டு விடாமல் எழுதச் சொல்லிக் கிடக்கு எல்லோ.”

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. கலியாண வீடியோ ஒரு வெளியீடா? அது வீட்டுக்குள் பார்க்கிற சாமான் அல்லவா? வாய் திறந்து அதைச் சொல்லியும்விட்டேன். அக்கா எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு கலியாணம்கூட விடவில்லை. நானே மறந்துபோன கலியாணங்களும் அதில் இருந்தன.

“இவ்வளவும் எப்பிடி அக்கா தெரியும்?”

“போற வீடுகளில போட்டுக் காட்டுவினம். எங்கட சனத்தின்ர வீட்டுக்குப் போனா தேத்தண்ணிக்கு முதல் அதுதானே. தாலி கட்டு முடிய எல்லாரும் எழும்பிச் சாப்பிடப் போயிடுவினம். நான் கடைசி மட்டும் இருந்து பாப்பன்.” பேனையை எடுத்தார். “கடைசியில பேருகள் வரும் எல்லோ. மண்டபம் வரும். மணவறை வரும். மேக்கப் செய்த பிள்ளை வரும். கேக் செய்தவ வருவா. காருக்குப் பூக்கட்டினவரும் வருவார். உம்மட பேர் ரெண்டு தரம் வரும். அது எல்லாம் முடிக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருப்பன், தம்பி. ஒவ்வொரு வீட்டிலயும்.”

குரல் உயரவில்லை. மாஸ்டரிடம் சொன்ன சொல் இன்னும் என் வாயிலேயே இருந்தது. மாஸ்டர் ஒரு சீடியில் செய்ததை நான் முப்பத்துச் சொச்சம் தட்டுகளில் செய்திருக்கிறேன். மண்டபத்தில் நான் கத்தும்போது இந்த மனிசி கோப்பையோடு நின்று அதையும் முடியும்வரை கேட்டிருக்கிறார்.

“நான் எல்லாத்திலயும் மாத்திறன் அக்கா. பேரைப் போட்டுத் திருப்பி அடிச்சுக் குடுக்கிறன்.”

“ஆர் இனிப் போட்டுப் பாக்கப் போகினம்?”

படிவத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி, நன்மை மெட்டின் தலைப்புக்கு மேல் ஒரு கோடு கீறினார். மற்ற மூன்றுக்கும் கையெழுத்து வைத்தார்.

“இதை நான் குடுக்கேல்லை. இது மாஸ்டரிட்டயும் உம்மட்டயும் இருக்கட்டும்.”

கோபம் வராதவராம். அந்த ஒரு கோட்டைக் கடதாசி கிழியும் அளவுக்கு அழுத்திக் கீறியிருந்தார்.

மறுநாள் ஞாயிறு. நான் பின்வரிசை வாங்கில் நின்றேன். அக்கா வழமைபோலச் சுவரைப் பார்த்தபடி இருந்தார், ஆனால் கீபோர்டின் விளிம்பில் கண்ணாடி இல்லை. நன்மைக்கு அந்த மெட்டைத்தான் எடுத்தார். வரிசை முடிந்தது. கடைசியாக, நான்கு சில்லுத் தடிக்காரப் பெரியவர் வாங்கிவிட்டுத் திரும்பினார். பாதர் போய்க் கதிரையில் இருந்தார். மெட்டு நிற்கவில்லை. மாஸ்டர் திரும்பிப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், கையைக்கூடக் காட்டினார். காட்டிய கையைப் பார்க்க அக்காவிடம் கண்ணாடி இல்லை. பாதர் செபத்துக்கு எழும்பிப் புத்தகத்தைத் திறந்து, திரும்ப மூடிவிட்டுக் கதிரையில் இருந்தார். முழங்காலில் நின்ற சனத்துக்குக் கால் நோகத் தொடங்கியது, ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மெட்டு மூன்றாவது பகுதிக்குள் போய் நிமிர்ந்தது.

அதன் பிறகு அந்த மெட்டை அவர் எங்கும் வாசித்து நான் கேட்கவில்லை. மற்ற மூன்றும் அவர் பெயரோடு அந்த நிறுவனத்தின் பட்டியலில் ஏறின. அந்தப் பெயரை இங்கேயும் எழுதத்தான் கை வருகிறது. ஆனால் அவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை, கேட்காமல் எடுக்கிற பழக்கத்தை விட்டு நெடுநாள்.

அன்று கோயிலில் ஒருவரும் அசையவில்லை. அவர் முடிக்கட்டும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.